கல்குட்டையில் ‘கல்’ காணாமல் போனால்

பம்மல், அனகாபுத்தூர், திரிசூலம், குன்றத்தூர் பக்கத்தில் ‘கல்குட்டை’ என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். மலையை உடைத்துக் கருங்கல் எடுத்த பள்ளம். குவாரி நின்ற பிறகு மழையும் ஊற்றும் சேர்ந்து நிறைந்த தண்ணீர். அந்தப் பள்ளங்களில் பல இன்று கண்ணுக்கே தெரிவதில்லை. சில, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டித் தூர்க்கப்பட்டு, மேலே தெருவாகிவிட்டன. சில, முள்வேலிக்குள் யாருடையது என்று தெரியாமல் கிடக்கின்றன. இன்னும் சில, ஏதோ ஆதிகாலத்து ஏரிபோல ‘நீர்நிலை’ என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

இந்த வாரம் நாம் பேச வந்தது அந்தக் கடைசி வகையைப் பற்றி. வாய்ப்பேச்சில் கல்குட்டை தேய்ந்து குட்டையாவது இயல்புதான். கோப்பில் அப்படித் தேய்ந்தால் கதை வேறு. அரசுப் புறம்போக்கில் ஆட்சேபணையற்றது, ஆட்சேபணைக்குரியது என்று இரண்டு வகை உண்டு. ஏரி, குளம், குட்டை, வாய்க்கால் எல்லாம் இரண்டாம் வகை. அங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் பட்டா கிடையாது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்ற ஒரே வார்த்தையில் வீடு போய்விடும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கல்லாங்குத்து, பாறை, தரிசு என்று பதிவான நிலத்துக்கு அந்த முட்டுக்கட்டை இல்லை. அரசுக்கு வேறு தேவை இல்லாதபோது வகை மாற்றி, நத்தமாக்கி, பட்டா கொடுக்க வழி இருக்கிறது.

சென்னையைச் சுற்றியுள்ள ‘பெல்ட் ஏரியா’வில் 1962 முதல் இந்த வழியும் அடைபட்டிருந்தது. 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை அதைத் தளர்த்தியது. சென்னையைச் சுற்றியும் பிற மாநகராட்சிப் பகுதிகளிலும் ஆட்சேபணையற்ற புறம்போக்கில் வீடு கட்டி வாழும் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம், பம்மலை அடுத்த அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டதையும் பார்த்தோம். ஒரு பக்கம் பட்டா, மறுபக்கம் பொக்லைன். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதைப் புறம்போக்கின் வகை முடிவு செய்கிறது. அந்த வகையை முடிவு செய்வது பழைய பதிவேட்டில் உள்ள ஒரு சொல்.

பெருங்குடி, தரமணி பக்கம் ‘கல்லுக்குட்டை’ என்ற பெயரிலேயே பெரிய குடியிருப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டா கேட்டுப் பல ஆண்டுகளாக அலைகின்றன. அந்தப் பெயரிலேயே கல்லும் இருக்கிறது, குட்டையும் இருக்கிறது.

குழியை ஒட்டி வாழ்பவர்கள் யார்? குவாரி ஓரத்தில் குடிசை போட்டவர்கள் பெரும்பாலும் அந்தக் குவாரிக்கே வேலைக்கு வந்தவர்கள். நிலமில்லாத தலித் குடும்பங்கள், கல்வேலை தெரிந்த போயர் குடும்பங்கள். ஆண்கள் ஜம்பர் அடித்துத் துளை போட்டு வெடி வைப்பார்கள். பெண்கள் சம்மட்டி பிடித்து முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்று உடைத்துக் குவிப்பார்கள். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் கழியாததால் குடிசை அங்கேயே நிலைத்துவிடும். குவாரி மூடிய அன்று குத்தகைதாரர் லாரியோடு போனார். குழியும் குடிசையும் மிஞ்சின.

முன்பணம் எத்தனை கெட்டியான கயிறு என்பது நாடறிந்த செய்தி. அரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்கள் பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டு, 1983 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தில் புதுக்கோட்டை வேறு ஒரு வழி காட்டியது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே குவாரிக் குத்தகையையே கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். பம்மல் பக்கத்துக்கு அந்தக் காற்று வரவில்லை.

வரைபடம் பிறந்த ஊர்

நம் பகுதிக்கு ஒரு வேடிக்கையான பெருமை உண்டு. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவைப் பணி, 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் அடித்தளக் கோடு அளந்ததில்தான் தொடங்கியது. இமயம் வரை நீண்ட அளவை அது. இன்னொன்று: 1863 மே 30 அன்று, புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரம் படைத் திடலில் தோண்டியிருந்த ஒரு சின்னச் சரளைக் குழியின் மண்ணில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலின் வரலாறே அந்தக் குழியிலிருந்து எழுதப்படுகிறது. கண்டெடுத்தவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குழி வெட்டியவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

கல்லுக்கும் அதே கதை. பரங்கிமலை, பல்லாவரம் கருங்கல்லுக்குப் புவியியலில் ‘சார்னோக்கைட்’ என்று பெயர். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்று கண்டு, தாமஸ் ஹாலந்து 1893-இல் வைத்த பெயர் அது. கல்லை உடைத்தவர்களின் பெயரை ஒரு தெருவுக்காவது வைத்திருக்கிறார்களா என்று நாம் கேட்டால், அதைச் சாதிப் பேச்சு என்பார்கள்.

விஷயத்துக்கு வருவோம். ஒரு பள்ளம் குவாரியா, ஏரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பார்க்க வேண்டியது இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள். பம்மல் வருவது 66 டி/1 என்ற தாளில். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய பதிப்பும், 1:50,000 அளவுள்ள பிந்தைய பதிப்பும் உண்டு. பழுப்புக் கோடுகள் மேட்டைக் காட்டும், நீலம் தண்ணீரைக் காட்டும். ஏரி என்றால் அதற்குக் கரை இருக்கும். ஒரு பக்கம் வளைந்தோ நேராகவோ கரைக்கோடு, மறுபக்கம் விரிந்த நீர்ப்பரப்பு, கரையில் மதகு, கீழே வாய்க்கால், அதற்கும் கீழே நஞ்சை. நம் முன்னோர் வெட்டிய எந்த ஏரியும் இந்த அமைப்பிலிருந்து விலகாது. குவாரிக் குழிக்குக் கரையும் இல்லை, மதகும் இல்லை, வரத்துக் கால்வாயும் இல்லை. சரிவின் விளிம்பில் ஒழுங்கற்ற பல்வரிசைபோல வெட்டு தெரியும். ஒரு வண்டிப்பாதை வந்து அதில் முடிந்துவிடும், அப்பால் எங்கும் போகாது. பாதை முட்டி நிற்கும் இடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்று தண்ணீர் நிற்கும் இடத்தில், 60 ஆண்டுக்கு முந்தைய தாள் மேட்டுக் கோடுகளைக் காட்டினால், அந்தத் தண்ணீர் ஏரித் தண்ணீர் அல்ல. மேடு பள்ளமானது கல் எடுத்ததால் மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் பழைய வரைபடங்கள் சில 1:2,50,000 அளவில் இருக்கும். அமெரிக்கப் படைக்காக 1950-களில் அச்சிட்ட தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் வைத்திருக்கிறது, அழகாகவும் இருக்கும். ஆனால் 100 மீட்டர் அகலக் குழி அதில் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதில் குழி இல்லை என்பதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அதே 100 மீட்டர், மைலுக்கு 16 அங்குலம் என்ற பழைய கிராம வரைபடத்தில் இரண்டரை சென்டிமீட்டர். நமக்கு உதவுவது அதுதான். சென்னை சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் கிராம வரைபடம் கேட்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளைத் தேடலாம். பம்மல் இன்று செங்கல்பட்டு மாவட்டம், பல்லாவரம் வட்டம். 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. பழைய பதிவேட்டில் சைதாப்பேட்டை தாலுகா என்று தேடாவிட்டால் ஊரே கிடைக்காது. ஜமீன் பல்லாவரம் போன்ற ஜமீன் ஊர்களில் இன்னொரு சிக்கல்: 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு செய்த செட்டில்மென்ட்தான் அங்கே அடிப்படை ஆவணம்.

பதிவேட்டில் கவனிக்க வேண்டியது குறிப்புக் கலம். கல்லாங்குத்து, மலை, பாறை, குட்டை, வண்டிப்பாதை, சுடுகாடு, பறைச்சேரி நத்தம் என்று அதில்தான் எழுதியிருப்பார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். மறுபதிவுக்கு முன்பும் பின்பும் உள்ள பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சமி நிலத்துக்காக அலைந்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையால் 1892-இல் ஆணை வந்தது. அந்த நிலங்கள் எப்படி வேறு பெயர்களுக்குப் போயின என்பதை இந்த இரண்டு பதிவேடுகளின் இடைவெளியில்தான் நம்மவர்கள் கண்டுபிடித்தார்கள். இதே மாவட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். பதிவேட்டின் ஒரு வரிக்கு இருக்கும் விலை நமக்குத் தெரியும்.

மேலிருந்து எடுத்த படம்

வரைபடம் ஒரு மனிதர் பார்த்து வரைந்தது. அவர் எதை வரைய வேண்டும் என்று நினைத்தாரோ அதுதான் அதில் இருக்கும். சேரியை விட்டுவிடலாம், ஊரை மட்டும் காட்டலாம். வானிலிருந்து எடுத்த படத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. மேலே கேமரா திறந்தபோது கீழே கூரை இருந்தால் கூரை விழும்.

அமெரிக்கா 1960 முதல் 1972 வரை உளவுக்காக அனுப்பிய கொரோனா செயற்கைக்கோள்களின் படங்கள் எட்டரை லட்சத்துக்கும் மேல். 1995-இல் அவற்றின் ரகசியத்தை நீக்கினார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தளத்தில் ஊரைக் குறித்துத் தேடலாம்; ஏற்கெனவே ஸ்கேன் செய்த படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடைசிக் காலக் கேமராக்கள் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருளைக்கூடப் பிரித்துக் காட்டும். எல்லா ஊருக்கும் தெளிவான படம் கிடைத்துவிடாது. மேகம் மறைத்திருக்கும், கோணம் சாய்ந்திருக்கும். நம் நாட்டில் எடுத்த வான்படங்களுக்கும் கடலோரப் பகுதிகளின் விரிவான வரைபடங்களுக்கும் நெடுங்காலம் கடும் கட்டுப்பாடு இருந்தது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல் அதைப் பெருமளவு தளர்த்தியது. 2000-க்குப் பிந்தைய மாற்றங்களைப் பார்க்க கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போகும் வசதியே போதும். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு மாலையில் செய்துவிடலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வேலை நடக்கும் குவாரி வெள்ளையாகப் பளிச்சிடும். புதிதாக உடைத்த கல்லும் ஜல்லித் தூளும் வெயிலைத் திருப்பி அடிப்பதால் அப்படி. பக்கத்தில் கழிவுக் கற்குவியல், விசிறிபோலப் பிரியும் லாரித் தடங்கள். குழியின் ஒரு விளிம்பில் மட்டும் கனத்த நிழல் விழுந்தால் ஆழம் அதிகம். சரளைக் குழி இவ்வளவு நிழல் தராது, அது ஆழமில்லாதது. செங்கல் சூளைக்கு மண் எடுத்த இடம் கட்டம் கட்டமாக இருக்கும். தண்ணீர் நிறைந்துவிட்டால் குழி கறுப்பாகிவிடும். ஏரியும் கறுப்புதான். அப்போது மீண்டும் கரையைத் தேடுங்கள்.

குவாரியின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அவை குடிசைகள். நமக்கு வேண்டிய சாட்சி அதுவே. ‘இவர்கள் நேற்று வந்தவர்கள்’ என்று யாராவது சொன்னால், தேதி அச்சிட்ட படத்தை மேசைமேல் வைக்கலாம். ஆதார் அட்டையும் மின்கட்டண ரசீதும் சில பத்தாண்டுகளுக்குமேல் பின்னால் போகாது. படம் போகும்.

பழையதையும் புதியதையும் பொருத்த, மாறாத அடையாளங்கள் மூன்று நான்கு வேண்டும். பல்லாவரம் ரயில் நிலையம், மலை உச்சி, பழைய கோயில், தேவாலயம், பஞ்சபாண்டவர் மலைக் குடைவரை போன்றவை நகராதவை. விமான நிலைய ஓடுபாதையை நம்ப வேண்டாம், அது வளர்ந்துகொண்டே வந்தது. சாலை வளைவையும் நம்ப வேண்டாம்.

இங்கிலாந்தில் உள்ளூர் வரலாறு தேடுவோருக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அங்கே அரசு வரைபடத்திலேயே ‘பழைய குவாரி’, ‘சரளைக் குழி’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இங்கே அது வீட்டைக் காப்பாற்றும் வேலை.

உயிரைக் காப்பாற்றும் வேலையும்கூட. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் புறநகர்க் கல்குட்டைகளில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி வருகிறது. ஏரி படிப்படியாக ஆழமாகும். குவாரி அப்படி இல்லை, ஓர் அடி எடுத்து வைத்தால் 50 அடி. எந்தெந்த இடத்தில் குழி இருக்கிறது என்ற முழுப் பட்டியல் இருந்தால்தான் வேலி போட முடியும். தூர்ந்துபோன குழிகள் இன்னும் ஆபத்தானவை. நாகல்கேணி, பல்லாவரம், பம்மல் வட்டாரம் தோல் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த இடம். பழைய குழியில் எதைக் கொட்டி மூடினார்கள் என்று தெரியாமல் அதன் பக்கத்தில் போர் போட்டுக் குடிப்பது நம் காலனிதான்.

அரசுக்குத் தேவைப்பட்டால் குழிகள் உடனே கண்ணுக்குத் தெரிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரிகளின் தண்ணீரைச் சுத்திகரித்து சென்னைக்குக் கொடுத்தார்கள், 2019-இலும் கொடுத்தார்கள். நல்ல காரியம். நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட குவாரியில் கொம்பன் ஆந்தை வாழ்வது பறவை பார்ப்போர் எல்லோருக்கும் தெரியும், அதுவும் நல்லதே. குழிகளில் தண்ணீர் நிற்பதையோ அதைப் பாதுகாப்பதையோ நாம் எதிர்க்கவில்லை. குவாரியில் நிற்கும் தண்ணீரைக் குவாரித் தண்ணீர் என்றே எழுதிப் பாதுகாக்கலாம். ஓரத்தில் வாழும் குடும்பத்தை ஏரி ஆக்கிரமிப்பாளர் ஆக்க வேண்டிய அவசியம் அதில் எங்கும் இல்லை.

300 மீட்டர்

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ஐச் சேர்ந்தவை. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரிக் குத்தகை கூடாது என்று பின்னால் அவற்றில் சேர்த்தார்கள். படிக்க ஆறுதலாக இருக்கும். ‘குடியிருப்பு’ என்றால் என்ன என்ற விளக்கத்தில்தான் வலி இருக்கிறது: வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ மனையாகவோ குறித்த இடம், அல்லது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. கல்லாங்குத்தில் குடிசை போட்ட கல்லுடைக்கும் குடும்பம் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாததால் விதியின் கண்ணில் அங்கே யாரும் வசிக்கவில்லை. அவர்கள் கூரைமேல் கல் தெறித்தபோது, காகிதப்படி அது வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் ஆள் இருந்தார்கள் என்று காட்டும் ஒரே அரசாங்கம் சாராத சாட்சி பழைய வான்படம். அதற்கு உயிர் கொடுப்பது நம் பெரியவர்களின் நினைவு. எந்தக் குழியை எந்தக் குத்தகைதாரர் பெயரால் அழைத்தார்கள், எந்த ஆண்டு வெடி நின்றது, எந்தப் பக்கம் தண்ணீர் முதலில் ஊறியது என்று 70 வயதுப் பாட்டிகளுக்கு விரல் நுனியில் இருக்கும். படத்தை அச்சிட்டு எடுத்துப் போய் அவர்கள் முன் விரியுங்கள். அவர்கள் காட்டும் இடத்தில் பேனாவால் வட்டமிட்டு, சொன்னதைத் தேதியோடு எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். இந்த வேலையைத் தள்ளிப் போட முடியாது. தூசி தின்ற நுரையீரல் பலருக்கு.

சில இடங்களில் வரைபடம் நமக்கு எதிராகவே பேசலாம். பழைய தாளில் கரையும் மதகும் தெளிவாக இருந்தால் அது ஏரிதான். அங்கே வேறு வாதம் வேண்டும், மாற்று இடம் அருகிலேயே கேட்க வேண்டும். பொக்லைன் வந்து நிற்கும் காலையில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல்லாவரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டு நகலும் புலப்பட நகலும் கேளுங்கள், யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவு என்று தனியாகக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் இன்றைய கணினி நகலைத் தந்து அனுப்பிவிடுவார்கள். மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் அந்த சர்வே எண்ணுக்கு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை யாருக்குக் குத்தகை தரப்பட்டது என்று கேளுங்கள். குத்தகை விட்ட உத்தரவு ஒன்று கிடைத்தால் போதும், அரசே அந்த இடத்தைக் குவாரி என்று ஒப்புக்கொண்ட காகிதம் அது. மனுவில் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் எழுதுங்கள். ‘எங்கள் பகுதிக் குட்டை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.